ஒதுங்க இடம்

மார்ச் 4, செவ்வாய்

புது வேலையில் முதல் நாள். நான் வேலை பார்த்த நாளிதழ் இந்த ஊர் அலுவலகத்தை மூடிய பிறகு இரண்டு வருடம் வீட்டில் கிடந்தவனுக்கு இப்போது ஒரு மேசை, ஒரு மின்விசிறி, வாசலில் ஒரு பலகை. ‘கல்லாமேடு மக்கள் நலக் கூட்டமைப்பு. ஒருங்கிணைப்பாளர்: சா. அருள்சீலன்.’ பெயிண்டர் ஒருங்கிணைப்பாளரில் ஒரு ‘ப்’பை விட்டுவிட்டார். சாயங்காலம் வந்து போட்டுத் தருகிறேன் என்றவர் வரவில்லை.

சென்னை அறக்கட்டளையிலிருந்து வைதேகி மேடம் போனில் மறுபடி விளக்கினார். உப்பளத்துக் குடியிருப்பில் இருப்பவர்கள் மெயின் ரோட்டுக்காரர்களைவிடச் சீக்கிரம் நோயில் விழுகிறார்கள், சிறுநீரகம் கெடுகிறது, கண் போகிறது. இதை ஆஸ்பத்திரி ஒன்றே சரிசெய்ய முடியாது. உப்பு உற்பத்தியாளர் சங்கம், ஊராட்சி, ஆரம்ப சுகாதார நிலையம், அளத்துத் தொழிலாளர்கள் ஆகிய நான்கு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று முடிவெடுத்தால் அறக்கட்டளை மூன்று வருடம் நிதி தரும். நான்கில் ஒரு தரப்பு எழுந்து போனாலும் நிதி நின்றுவிடும்.

“எல்லாரையும் சேர்த்துப் பிடிச்சு உக்கார வைக்கிறதுதான் உங்க வேலை, சீலன்” என்றார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் மேடம் என்றேன்.

மத்தியானம் சங்கச் செயலாளர் சேர்மத்துரை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். நன்னாரி சர்பத் கொடுத்தார். “தம்பி, ஊருக்கு நல்லதுன்னா நான் முன்னால நிப்பேன். எங்கள வில்லனாக்கிராம பாத்துக்கிடுங்க, அது போதும்” என்றார். தன்மையான மனிதர்.

வீட்டில் மனைவி பியூலா ரவா கேசரி கிண்டியிருந்தாள். மகள் ரூபி பள்ளியிலிருந்து வந்து தட்டையே வழித்துச் சாப்பிட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

முதல் கூட்டம். தொழிலாளர் தரப்பில் இரண்டு பெண்களைக் குடியிருப்பே தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தது. செல்வக்கனி, பேச்சித்தாய். இருவரும் சேர்மத்துரை அண்ணாச்சியின் அளத்தில் உப்பு வாருகிறவர்கள், அடுத்தடுத்த வீடு. செல்வக்கனி அக்கா கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி மாம்பழக் கலர் பட்டுச்சேலையில் வந்தார். தலையில் கனகாம்பரம். பேச்சித்தாய் பின்னாலேயே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“ஏளா, நல்லா சாஞ்சு உக்காரு. இது நமக்குப் போட்ட சேருதான்” என்று செல்வக்கனி அக்கா அவர் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

டாக்டர் நஸ்ரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சின்ன வயது. அவர்தான் கேட்டார், “உங்களுக்கு முதல்ல என்ன வேணும்க்கா?”

செல்வக்கனி அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒதுங்க இடம் வேணும் டாக்டரம்மா. இருட்டோட போனா உச்சிப்பொழுதுதான் திரும்புதோம். அளத்துல ஒரு மரம் கிடையாது, ஒரு செவரு கிடையாது. கண்ணுக்கெட்டுன தூரம் வெள்ள வெளேர்னு கெடக்கு. அதனால நாங்க தண்ணியே குடிக்கமாட்டோம்.”

மேசையில் யாரும் நிமிரவில்லை. அண்ணாச்சிதான் பேசினார். “கண்ணுக்கெட்டுன தூரம் இடம் கெடக்குன்னு நீயே சொல்லுத. பெறவு இடம் இல்லன்னும் சொல்லுத. நான் எங்கயும் கதவு போட்டுப் பூட்டலயே கனி!”

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தின் இறுக்கம் தளர்ந்தது. பிறகு கண் சிகிச்சை முகாம் பற்றி நல்ல விவாதம் நடந்தது. மொத்தத்தில் நல்ல தொடக்கம்.

மார்ச் 12, புதன்

எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். நானும் சிரித்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

இரண்டாவது கூட்டம். நடமாடும் மருத்துவ வண்டி ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. யோசனை அண்ணாச்சியுடையது. ஊராட்சித் தலைவர் ஆமோதித்தார். கழிப்பறை பற்றி டாக்டர் ஆரம்பித்தபோது, அளங்கள் குத்தகை நிலம், அதில் கட்டடம் கட்டக்கூடாது, கட்டினால் குத்தகையே ரத்தாகும் என்றார் அண்ணாச்சி. தூக்கி வைக்கிற மாதிரி ஃபைபர் கழிப்பறை இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை. இரண்டாவது கூட்டத்திலேயே சங்கத்தோடு மோத வேண்டாம் என்று நினைத்தேன்.

முடிந்ததும் படியில் செல்வக்கனி அக்கா நின்றுகொண்டிருந்தார்.

“வண்டி வரட்டும் சார், நல்லதுதான். ஆனா நாங்க கேட்டது அது இல்லயே?”

“அடுத்த கூட்டத்துல எடுத்துருவோம்க்கா.”

“நீங்க சொன்னா சரிதான்.” மிச்சமிருந்த பிஸ்கட்டைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் ஒரு சின்ன ரகளை. ரூபியின் தண்ணீர் பாட்டில் காலையில் ரொப்பியபடியே திரும்பி வருகிறதாம். பியூலா திட்டினாள். ரூபி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த வயதில் எல்லாவற்றுக்கும் கோபம்தான்.

ஏப்ரல் 7, திங்கள்

வண்டித் தொடக்க விழா. பந்தல், நாதஸ்வரம், கொடியசைப்பு. வைதேகி மேடத்துக்குப் படங்கள் அனுப்பினேன், கைகூப்பும் எமோஜி ஒன்றை அனுப்பினார். வண்டி பெரியது, அளத்து மண்பாதையில் இறங்காது. எனவே மெயின் ரோட்டில் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கும்.

செல்வக்கனி அக்கா டாக்டரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பேச்சித்தாயையும் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார். “எங்க ரெண்டு பேரயும் பாத்தா அக்கா தங்கச்சின்னுதான் சொல்லுவாவ டாக்டரம்மா. வயசுல நான்தான் எளயவ, ஆனா நம்பமாட்டாவ.” பேச்சித்தாய் அவர் இடுப்பில் கிள்ளினார்.

ஏப்ரல் 16, புதன்

டாக்டர் அலுவலகத்துக்கு வந்தார். வண்டிக்கு வருகிற பெண்களெல்லாம் சொல்வது ஒரே தொந்தரவு. எரிச்சல், கடுப்பு, முதுகுவலி, காய்ச்சல். “நிறைய தண்ணி குடிங்கன்னு எழுதிக் கொடுக்குறேன் சார். அவங்க மாத்திரைய வாங்கிட்டு என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க. எனக்கே வெக்கமா இருக்கு.”

அளத்தை நேரில் பார்க்க வேண்டுமாம். அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போகலாம் என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஏப்ரல் 21, திங்கள்

டாக்டர் போய்விட்டு வந்துவிட்டார். அளத்தை மேற்பார்க்கிற கங்காணி வராத நாளாகப் பார்த்து, செல்வக்கனி அக்காதான் அழைத்துப் போயிருக்கிறார். விடிகிறபோது பெண்கள் நான்கு பேர் சேலையை விரித்துப் பிடித்து வட்டமாக நிற்க, நடுவில் ஒருத்தி உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்தாராம். வெளிச்சம் வந்த பிறகு அதுவும் முடியாதாம், பக்கத்து வரப்பில் ஆண்கள் மூட்டை தூக்குகிறார்கள். உச்சி வெயில்வரை அங்கே இருந்திருக்கிறார். ஒரு பெண்கூடத் தண்ணீர்க் கேனின் பக்கம் போகவில்லை.

மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் சொல்லப்போகிறேன் என்றார். முகமெல்லாம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

மின்விசிறி பழுது. ஆள் வந்து பார்த்துவிட்டுக் கண்டென்சர் போய்விட்டது என்றான்.

அண்ணாச்சி போன் செய்தார். வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம், ரூபியின் படிப்பு, கோவில் கொடை என்று. நடுவில், மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி அவரைக் கூப்பிட்டுக் கழிப்பறை பற்றிக் கேட்டதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. “டாக்டரம்மா வெளியூரு, அதுக்கு அளத்துக்குப் பாத தெரியாது. யாரு தம்பி கூட்டிட்டுப் போனது? நம்மளுக்குள்ள கேக்கேன்” என்றார். பேச்சுவாக்கில் பெயர் வந்துவிட்டது. எப்படியும் கங்காணி விசாரித்துச் சொல்லியிருப்பார்.

பிறகு கூட்டமைப்பில் சங்கம் தொடர்ந்து இருக்கும் என்று அவராகவே சொன்னார். அது எனக்குப் பெரிய நிம்மதி.

மே 6, செவ்வாய்

கூட்டம். கண் முகாம், கறுப்புக் கண்ணாடி வழங்குவது பற்றி முடிவு. செல்வக்கனி அக்கா வந்தார். சாதாரணச் சேலை, தலையில் பூ இல்லை. பேச்சித்தாயும் வந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நான் கவனித்தேன், காரணம் கேட்கவில்லை. டாக்டர் கழிப்பறைப் பேச்சை எடுத்தார். “மேலதிகாரிகள் பாத்துக்கிடுவாவ” என்று அண்ணாச்சி முடித்துவிட்டார்.

மே 20, செவ்வாய்

நகரத்துக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றபோது ஒரு லாரி வந்து நின்றது. சீமைக்கருவேலம் வெட்டப் போகிற கூட்டம். அதில் ஏற செல்வக்கனி அக்கா அரிவாளோடு ஓடிவந்தார். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது.

“என்னக்கா, அளத்துக்குப் போகலயா?”

“அங்க எனக்கு வேல இல்லன்னுட்டாவ சார். போன மாசமே. கங்காணி வந்து, நாளைலேர்ந்து நீ வராதன்னான். எந்த அளத்துலயும் சேக்க மாட்டங்காவ. என்ன ஏதுன்னு சொல்லல, ஆனா தெரியாதா? டாக்டரம்மாவக் கூட்டிட்டுப் போனதுக்குத்தான்.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன்.

“யாரு சொன்னான்னும் தெரியும் சார். எங்கூட்டாளியேதான். நான் நின்ன பாத்தில இப்ப அவ மருமவ நிக்கா. ஒரே தட்டுல தின்னவ. எம்மவ பிரசவத்துக்கு ராவும் பகலும் எங்கூட இருந்தவ. இப்பிடிச் செய்வான்னு...” லாரிக்காரன் ஹாரன் அடித்தான். “போயிட்டு வாரேன் சார். வெளிய சொல்லிக்கிடாதீய, கூட்டத்துக்கு நான் கண்டிப்பா வந்துருவேன்.”

லாரி போய்விட்டது. என் பஸ்ஸும் வந்து போய்விட்டது. அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன்.

மே 21, புதன்

அந்தப் பெயர் பேச்சுவாக்கில் வரவில்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன். “செல்வக்கனிதான் அண்ணாச்சி” என்று சொன்னேன். சொல்லிவிட்டு, “அவங்களுக்குக் கொஞ்சம் ஆர்வம் அதிகம்” என்றும் சொன்னேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

மே 30, வெள்ளி

கண் முகாம் நடந்தது. நல்ல கூட்டம். அறிக்கை அனுப்பினேன்.

ஜூன் 9, திங்கள்

ரூபிக்குக் காய்ச்சல். குளிர் நடுக்கம், அடிவயிற்றில் வலி. டாக்டர் நஸ்ரினிடமே கொண்டுபோனோம். சிறுநீர்த் தொற்று. “தண்ணி குடிக்கிறதே இல்லையா நீ?” என்று அவர் கேட்க, ரூபி என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். பள்ளியில் பெண்கள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லையாம். ஒரு வருடமாக அவள் வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

பியூலா பள்ளிக்குப் போய் ஒரு கத்து கத்திவிட்டு வந்தாள். தாளாளர் மன்னிப்புக் கேட்டார். புதுக் கதவு, புதுத் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய் எல்லாம் போட்டுவிட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“பாத்தீங்களா, வாயத் தெறந்து கேட்டாத்தான் நடக்கும்” என்றாள் பியூலா.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் கையைக் கழுவிக்கொண்டேன். உடம்புக்கு என்ன என்று கேட்டாள். வெயில் என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

வைதேகி மேடம் அடுத்த வாரம் வருகிறார். முதல் பார்வையிடல். இரண்டாம் கட்ட நிதி அதை வைத்துத்தான். நான்கு தரப்பும் ஒற்றுமையாக இருப்பது தெரிய வேண்டும் என்று அண்ணாச்சி சொன்னார். தொழிலாளர் தரப்பில் யாராவது வண்டியைப் பற்றி நல்லவிதமாகப் பேசினால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்.

இன்று செல்வக்கனி அக்கா வீட்டுக்கு அதைக் கேட்கப் போனேன். ஆமாம், அவரிடமேதான் கேட்டேன். நன்றாகப் பேசத் தெரிந்தவர் அவர்தான்.

கையில் மஞ்சள் பற்றுப் போட்டு உட்கார்ந்திருந்தார். முள் ஏறிச் சீழ் வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு வாசலில் பேச்சித்தாய் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். சுற்றுச்சுவர்கூட இல்லாத இரண்டு வீடுகள்.

“அதுக்கென்ன சார், சொல்லுதேன். வண்டியால கண்ணாடி கெடச்சுதுல்லா. உங்களுக்காவச் சொல்லுதேன். எங்கள மனுசியா மதிச்சு நாக்காலி போட்டு உக்கார வச்சது நீங்க ஒருத்தருதான்.”

காபி போட்டுத் தந்தார். குடித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. வைதேகி மேடம் எளிமையானவர், பருத்திச் சேலை, எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். அண்ணாச்சி வரவேற்றார். செல்வக்கனி அக்கா மாம்பழக் கலர் சேலையில் எழுந்து நின்று, வண்டி பற்றி, முகாம் பற்றி, என்னைப் பற்றி அழகாகப் பேசினார். மேடம் கைதட்டினார்.

பிறகு பேச்சித்தாயைப் பார்த்து, “நீங்களும் ஏதாவது சொல்லுங்கம்மா” என்றார். பேச்சித்தாய் எழுந்து, “கனி சொன்னதுதான் எனக்கும்” என்றார்.

அவ்வளவுதான். செல்வக்கனி அக்கா வெடித்துவிட்டார். “எம்பேர எடுக்காதட்டி! எம்பேர எடுக்க உனக்கு என்ன ரைட்டு இருக்கு? எம்பேரத்தான் ஏற்கெனவே கொண்டு குடுத்துட்டியே. ஒன் வாயாலதான எம்பொழப்பு போச்சு!”

பேச்சித்தாய் கையெடுத்துக் கும்பிட்டார். “நான் சொல்லல கனி. எம்பேரப்புள்ள மேல சத்தியமா நான் சொல்லல. ஆயிரந்தடவ சொல்லிட்டேன்.”

“பெறவு யாரு சொன்னா? டாக்டரம்மா சொன்னாவளா? காத்து சொல்லிச்சா?”

மேடம் என்னைப் பார்த்தார். அண்ணாச்சியும் என்னைப் பார்த்தார், நாற்காலியில் சாய்ந்தபடி, நிதானமாக. அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

“இது அவங்க பக்கத்து வீட்டுச் சண்டை மேடம். நாம அடுத்த விஷயத்துக்குப் போகலாம்” என்றேன்.

பேச்சித்தாய் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டார். கூட்டம் தொடர்ந்தது. டீ வந்தது.

மேடம் கார் ஏறிய பின் அண்ணாச்சி என் தோளில் கைபோட்டார். “நல்லா சமாளிச்சீரு தம்பி. நீரு நம்ம ஆளு” என்றார். அந்தக் கை கனமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை.

ஜூலை 9, புதன்

பியூலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும், “அந்தம்மா வீட்ல காபி குடிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். குடித்தேன் என்றேன். எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 10, வியாழன்

லாரி திரும்புகிற நேரம் பார்த்துப் போனேன். செல்வக்கனி அக்கா வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். “வாங்க சார்” என்று நாற்காலி எடுக்கப் போனார். வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன்.

“அக்கா, பேச்சித்தாய் சொல்லல. அண்ணாச்சி என்கிட்ட போன்ல கேட்டார். உங்க பேரச் சொன்னது நான்.”

முதலில் அவருக்கு விளங்கவில்லை. “என்ன சொல்லுதிய?” என்றார். மறுபடி சொன்னேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கும் வார்த்தைகள் வைத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. “ஐயோ, பேச்சி” என்றார். ஈரக் கையோடு அடுத்த வீட்டுக்கு நடந்தார். கதவு சாத்தியிருந்தது. தட்டினார். “ஏளா பேச்சி. ஏட்டி. கதவத் தெற. நான் பாவி, கதவத் தெறட்டி.” உள்ளிருந்து சத்தம் இல்லை. அவர் கதவிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் வைத்திருந்த வார்த்தைகளுக்கு அங்கே வேலை இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

கதவு கடைசியில் திறந்ததா என்று தெரியவில்லை. கேட்பதற்கு எனக்கு யாரும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

வைதேகி மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். கழிப்பறைக் கோரிக்கையை ஒவ்வொரு தடவையும் நானே தள்ளிப்போட்டதை, பெயரைக் கொடுத்ததை, கூட்டத்தில் அடுத்த விஷயத்துக்குப் போனதை. வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன்.

“ஒரு தரப்பு போனாலும் நிதி நின்னுடும்னு நாங்கதான் சொன்னோம்” என்றார். “நிதி நின்னா இழக்கிறதுக்கு ஏதாவது இருந்தது அந்தப் பொண்ணுங்களுக்கு மட்டும்தான். எழுந்து போயிடுவேன்னு மிரட்ட முடிஞ்சது சேர்மத்துரைக்கு மட்டும்தான். அது எங்களுக்குத் தோணியிருக்கணும்.”

அவர் பழியில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டபோது எனக்கு லேசாக ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்காகவும் வெட்கப்பட்டேன்.

என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தானோ அண்ணாச்சியோ சொல்லக்கூடாது, செல்வக்கனியும் பேச்சித்தாயும் சொல்லட்டும் என்றார்.

ஜூலை 30, புதன்

கழிப்பறை வைத்தே ஆக வேண்டும் என்று மேடம் எழுதியதும் சங்கம் விலகிவிட்டது. தெருவில் எதிரே வந்த அண்ணாச்சி, “நல்லா இருங்க தம்பி” என்றார். அதே தன்மையான குரல். அறக்கட்டளை நிபந்தனையை மாற்றிவிட்டது. சங்கத்தைச் சேராத சிறு அளக்காரர் ஒருவர், ஊராட்சியின் பாதையோரத்தில் தன் வரப்பை ஒட்டி ஃபைபர் கழிப்பறை வைக்கச் சம்மதித்திருக்கிறார். டாக்டர் அலைந்து பிடித்த ஆள். கூடவே தண்ணீர்த் தொட்டியும் வரும். மற்ற அளங்களில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கூட்டம். சேர்மத்துரை அண்ணாச்சியின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. செல்வக்கனி அக்காவும் பேச்சித்தாயும் வந்தார்கள், சேர்ந்து இல்லை, ஆனால் ஒருவர் பின்னால் ஒருவராக. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பேச்சித்தாய் அவர் பக்கம் திரும்பவே இல்லை. குடியிருப்பில் யாரோ சொன்னார்கள், பேச்சித்தாய் கதவைத் திறந்தது மூன்றாம் நாள்தானாம். பேசுவது இன்னும் ஒன்றிரண்டு வார்த்தைதானாம்.

“நீங்க செத்த வெளிய இருங்க சார். நாங்க பேசிட்டுக் கூப்பிடுதோம்” என்றார் செல்வக்கனி அக்கா.

படியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தபோது வந்தவர் பேச்சித்தாய்.

“கனிக்கு நீங்க வேண்டாம்” என்றார். “நான்தான் இருக்கட்டும்னேன். புதுசா ஒருத்தர் வந்து, அவரு எப்பிடின்னு தெரியுறதுக்குள்ள எங்கள்ல இன்னும் ஒருத்தி லாரி ஏறணும். உங்கள எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா எங்க பேரு இனிமே உங்க வாயில வரக்கூடாது. எங்களப் பத்தி யாருகிட்ட என்ன பேசணும்னாலும் எங்களக் கூட்டிட்டுப் போயிப் பேசுங்க” என்றார்.

சரி என்றேன். மன்னிப்பு என்று நான் இதைச் சொல்லிக்கொள்ள முடியாது. அப்படி யாரும் சொல்லவும் இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கழிப்பறை வந்தது. நீலக் கலர், டெம்போவில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். விழா வேண்டாம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அந்தச் சிறு அளத்தில் வேலை செய்கிற பெண்களும் டாக்டரும் மட்டும் இருந்தார்கள். நான் பாதையில் தள்ளி, முதுகைக் காட்டி நின்றேன். தொட்டி ரொம்பியதும் ஒருத்தி செம்பை முக்கிக் கடகடவென்று குடிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இன்னொருத்தி.

லாரி அந்த வழியாகத்தான் வந்தது. செல்வக்கனி அக்கா நிறுத்தச் சொல்லி இறங்கினார். அவருக்கு இன்னும் எந்த அளத்திலும் வேலை இல்லை. இந்தச் சிறு அளக்காரர்கூட, சங்கத்துக்குப் பயந்து, அவரை மட்டும் சேர்க்கமுடியாது என்று சொல்லிவிட்டார்.

அவர் என்னைக் கடந்து போனார். நான் திரும்பிப் பார்த்தேன், பார்த்திருக்கக்கூடாது. கழிப்பறையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. லாரியில் யாரோ கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது.

“கொண்டி நல்லா விழுது. காத்துக்கு ஆடாம கீழ மட்டும் கல்ல அணச்சு வையிங்கட்டி” என்றார் அந்தப் பெண்களிடம்.

இப்போது இந்த அளத்துக்கு மாறி வந்திருந்த பேச்சித்தாயின் மருமகள் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா அதை வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு, வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பினார். குடிக்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினார். அவர் போகிற முள்ளுக்காட்டில் இன்னும் ஒதுங்க இடம் இல்லை.